பேசிவிட்டு இறங்குவோம்

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை வந்துவிட்டால் மறக்காது என்பார்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி தண்ணீருக்கு அடியில் இறங்குகிற ஸ்கூபாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிற பழைய டைவர்கள் நிறையப் பேர் உண்டு. நானும் வெகுநாள் அந்தக் கட்சிதான். ஆனால் சைக்கிள் மறந்துபோயிருந்தால் ஏறி உட்கார்ந்த மறுநொடியே தெரிந்துவிடும். தண்ணீருக்கு அடியில் அப்படி இல்லை. கால் பழையபடி உதைக்கும், மூச்சு வந்து போகும், மீன் தெரியும், எல்லாமே ஞாபகம் இருக்கிறது என்றுதான் தோன்றும். எது மறந்துபோயிற்று என்பது அது தேவைப்படுகிற நிமிடத்தில்தான் தெரியும்.

ஸ்கூபா சான்றிதழ் அட்டைக்குக் காலாவதித் தேதி கிடையாது. என் அட்டையில் இருக்கிற படத்தில் எனக்குத் தலை நிறைய முடி. அந்த ஆளுக்கு 18 மீட்டர் வரை இறங்கத் தெரியும் என்று ஒரு பயிற்சியாளர் எப்போதோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்றைக்கும் தெரியுமா என்பதை அட்டை சொல்லாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று இடைவெளி விழுந்தாலே நீச்சல் குளத்தில் ஒரு மறுபயிற்சி எடுத்துவிட்டு வாருங்கள் என்று பயிற்சி அமைப்புகள் சொல்வது அதனால்தான். எனக்கு விழுந்த இடைவெளி அதைப்போலப் பல மடங்கு.

வேலை, குழந்தை, வீட்டுக் கடன் என்று வழக்கமான காரணங்கள் எல்லாம் இருந்தன. அவற்றை விரிக்க ஒன்றுமில்லை. நிஜக் காரணம், என் டைவிங் ஜோடி வேறு கண்டத்துக்குக் குடிபோய்விட்டான். அவனோடு சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன், அவனோடு மட்டும்தான் இறங்கியிருக்கிறேன். படகில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதே இல்லை. அவன் என் சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பார்ப்பான், நான் அவன் பக்கிளை இழுத்துப் பார்ப்பேன், குதித்துவிடுவோம். கீழே அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எனக்குத் தெரியும். எனக்குக் காற்று எவ்வளவு இருக்கும் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான் என்று பெருமையடித்துக்கொள்வோம். வேறு ஆளோடு போகலாமே என்று யாராவது கேட்டால், “பார்க்கலாம்” என்று நழுவிவிடுவேன்.

அந்த மௌனத்துக்குப் புரிதல் என்று பெயர் வைத்திருந்தோம். இப்போது யோசித்தால் அதில் பாதிதான் புரிதல். மீதிப் பாதி, எதுவும் கெட்டுப்போகாமல் நாட்கள் ஓடியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்களுக்கு ஒருநாளும் அவசியம் வரவில்லை.

பல வருடம் கழித்து மறுபடி இறங்கலாம் என்று மறுபயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். புதுக் கூட்டாளி அமைந்தது அங்கேதான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். ஓய்வுக்குப் பிறகுதான் ஸ்கூபா கற்றுக்கொண்டாராம். அதாவது நான் விட்ட பிறகு அவர் தொட்டிருக்கிறார். அன்றைக்குக் குளத்தில் மிதப்பைச் சரிபார்க்க வந்திருந்தார். எங்கள் இருவருக்கும் ஜோடி இல்லை என்று தெரிந்ததும் பயிற்சியாளர் சேர்த்துவிட்டார். அவர் என்னைத் தம்பி என்றார், நான் அவரை அக்கா என்றேன். அதோடு அறிமுகம் முடிந்தது, கேள்விகள் ஆரம்பித்தன.

அதற்கு முன்னால் அந்த மருத்துவப் படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க டைவிங் மையங்களில் பரவலாகக் கையில் கொடுக்கிற படிவம் 2020இல் திருத்தப்பட்டது. முதல் பக்கத்தில் பத்தே கேள்விகள். அதில் ஒன்று, 45 வயதைத் தாண்டியவரா என்பது. ஆமாம் என்றால் அடுத்த பக்கத்துக்கு அனுப்பும்: புகைக்கிறீர்களா, கொழுப்பு உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் யாராவது இளவயதில் இதய நோயில் போனார்களா. இளவட்டமாக இருந்தபோது எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டிக் அடித்துவிட்டுப் போன கைதான் இது. இப்போது பேனா நின்றது. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே கை கால்களில் இருக்கிற ரத்தத்தில் அரை லிட்டருக்கு மேல் நெஞ்சுப் பக்கம் நகர்ந்துவிடும். இதயம் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். ஆரோக்கியமான இதயத்துக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் நடுவயது தாண்டி, பல வருட நாற்காலி வாசத்துக்குப் பிறகு திரும்பி வருகிறவர் மருத்துவரைப் பார்க்காமல் இறங்கக் கூடாது என்பது என் கறாரான அபிப்பிராயம். நான் பார்த்தேன். டிரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சு வாங்கவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் சாமான்கள். வெட்சூட் என்கிற டைவிங் உடையின் ரப்பர் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். இது உண்மை. வீட்டில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மாஸ்க் வார் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ஆழம், நேரம், ஏறுகிற வேகம் எல்லாம் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டரில் பேட்டரி செத்திருந்தது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டரை மட்டும் நானாகத் திருகிப் பார்க்காமல் நேராக சர்வீஸுக்குக் கொடுத்தேன். பிரித்துக் காட்டினார்கள்: ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன, வடிகட்டி பச்சைப் பூத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது. இந்த ரெகுலேட்டரின் பிறப்பே ஒரு கூத்து. போர்க்காலப் பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை வேறு வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காக எமில் கன்யான் என்கிற பொறியாளர் செய்து வைத்திருந்த வால்வைத்தான், 1943 வாக்கில் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் அவரும் சேர்ந்து மனிதன் மூச்சுவிடுவதற்குத் தோதாக மாற்றினார்கள். உறிஞ்சினால் மட்டும் காற்று தரும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். இன்றைக்கு நாம் வாயில் கடித்துக்கொண்டு போவது அந்த வால்வின் பேரப்பிள்ளையைத்தான்.

குளத்தில் என்னைத் தடுமாற வைத்தது மாஸ்க். ரெகுலேட்டரைக் கழற்றி மறுபடி கவ்வுவது, கூட்டாளியின் உபரி ரெகுலேட்டரில் மூச்சு விடுவது எல்லாம் கை தானாகச் செய்தது. மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றச் சொன்னார்கள். மேல் விளிம்பை விரலால் லேசாக விலக்கினேன். குளிர்ந்த தண்ணீர் நெற்றி வழியாக இறங்கி, புருவம், கண், கடைசியில் மூக்குத் துவாரம் வரை வந்தது. அவ்வளவுதான், மூச்சு நின்றுவிட்டது. வாயில் தாராளமாகக் காற்று வந்துகொண்டிருக்கிறது, மூக்கில் தண்ணீர் பட்ட ஒரே காரணத்துக்காக உடம்பு கதவைச் சாத்துகிறது. மறக்கிறது, மறக்கவில்லை என்பதெல்லாம் இதில் இல்லை. உடம்பின் பிறவிக் குணத்தைப் பயிற்சியால் மூடி வைத்திருந்தோம், வருடங்கள் போனதும் மூடி கழன்றுவிட்டது. தரையில் மண்டியிட்டு, டைல்ஸ் கோடுகளை மங்கலாகப் பார்த்துக்கொண்டே, வாயால் மட்டும் இழுத்து வாயால் மட்டும் விட்டுப் பழகினேன். முதல் சில மூச்சு கரகரத்தது, பிறகு சீரானது. அதற்கப்புறம் மேல் விளிம்பை அழுத்தி, கொஞ்சம் நிமிர்ந்து, மூக்கால் நீளமாக ஊதினால் தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடுகிறது. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் இதை 15 மீட்டர் ஆழத்தில் முதல்முறையாகத் திரும்பக் கற்றுக்கொள்ள நேர்ந்திருந்தால் நான் மேலே பார்த்து ஓடியிருப்பேன். ஓடுகிற அவசரத்தில் மூச்சையும் பிடித்திருப்பேன். நுரையீரல் நிறையக் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், ஒரு மீட்டர் சொச்சம் ஏறுவதே திசுக்களைக் கிழிக்கப் போதுமானது. முதல் வகுப்பின் முதல் விதி, மூச்சை அடக்காதே என்று இருப்பது சும்மா இல்லை.

தண்ணீரில் அமிழ்வதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயக் கட்டிகள் விஷயமும் அங்கேதான் தெளிந்தது. திரும்பி வருகிற ஆட்கள் எப்போதும் எடை போதவில்லை என்று கூடுதலாகக் கேட்பார்கள். காரணம் பதற்றம். பதற்றத்தில் நாம் முழுதாக வெளிவிடுவதே இல்லை, நுரையீரல் பாதிக்கு மேல் நிறைந்தே இருக்கிறது. ஒரு லிட்டர் காற்று கூடுதலாக உள்ளே நின்றால் ஒரு கிலோ மிதப்பு. அதை அடக்க ஈயத்தைச் சேர்த்தால், கீழே போனதும், மிதப்பைச் சரிசெய்யப் போட்டிருக்கிற ஜாக்கெட்டில் காற்று ஊத வேண்டியிருக்கும். அந்தக் காற்று ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும், டைவ் முழுக்க பொத்தானோடு மல்லுக்கட்டு. சரியான வழி பழையதுதான்: ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சில், தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். சிலிண்டரில் இருக்கிற காற்றுக்கும் எடை உண்டு, அது தீரத் தீர நாம் லேசாவோம் என்பதால் அலுமினிய சிலிண்டருக்கு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு முன்பைவிட ஈயம் கூடத்தான் தேவைப்பட்டது. கொழுப்பு மிதக்கும்.

கடலுக்குப் போன அன்று, படகில் சாமான்களைப் பூட்டி முடித்ததும் வழக்கம்போல ஓரமாக நிற்கப் போனேன். அக்கா பெஞ்சில் தட்டி உட்காரச் சொன்னார். கையில் தண்ணீரில் எழுதுகிற சிலேட்டு.

“தம்பி, ஐம்பது பாரோட மேல வரணும்னு சொல்றாங்களே, அந்த ஐம்பது யாருக்கு?”

பார் என்பது சிலிண்டரில் மிச்சமிருக்கிற காற்றின் அழுத்தத்தைச் சொல்கிற அளவு. எனக்குத்தான் என்றேன்.

“எனக்குக் காத்து நின்னுபோச்சுன்னா?”

அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தார். இதை நான் எங்கேயும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். 18 மீட்டரில் சுற்றுப்புற அழுத்தம் 2.8 பார், அதாவது மேலே விடுகிற மூச்சைப்போல 2.8 மடங்கு காற்று செலவாகும். பதறிப்போன ஆள் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒரே சிலிண்டரில் இரண்டு பேர் என்றால் 60. நிலைமையைப் புரிந்துகொண்டு ரெகுலேட்டரைக் கைமாற்ற ஒரு நிமிடம்: 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற இரண்டு நிமிடம், சராசரி அழுத்தம் 1.9 பார்: 228 லிட்டர். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். கூட்டினால் 666. நாங்கள் வைத்திருந்தது 11 லிட்டர் சிலிண்டர், வகுத்தால் 60 பார். அதற்கு மேல் கொஞ்சம் போட்டு, “எழுபது. யாருக்கு எழுபது வந்தாலும் ரெண்டு பேரும் கிளம்பறோம்” என்று சிலேட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

பல வருடம் டைவ் செய்தவன் என்கிற முறையில் இந்த 50 பாரை நான் ஒரு சடங்காகவே பின்பற்றி வந்திருக்கிறேன். அது எனக்கான கையிருப்பு இல்லை, கூட்டாளிக்கானது என்று யாராவது முன்பே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்கிற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் 947 டைவிங் மரணங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தொடக்கக் காரணம் தெரிந்தவற்றில் 41 சதவீதம், காற்று போதாமல் போனதில் ஆரம்பித்தவை. சுறாவுக்குப் பயப்படுகிற நேரத்தில், மிச்சக் காற்றைக் காட்டுகிற கேஜைப் பார்க்கலாம்.

ஏறுகிற வேகத்தில் எங்களுக்குள் ஒரு சின்ன வாதம். எனக்குச் சொல்லிக்கொடுத்தது நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை. அக்கா கற்றது ஒன்பது. 18 என்பதன் கதை சுவாரஸ்யமானது. அது 60 அடி. 1950களில் அமெரிக்கக் கடற்படையில், செம்புக் கவசத் தலையோடு மெதுவாக ஏற்றி இறக்கப்படுகிற டைவர்களுக்கு அது மிக அதிக வேகம். துடுப்பு மாட்டிக்கொண்டு வேகமாக மேலே வர விரும்பிய தவளை வீரர்களுக்கு மிகக் குறைவு. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடித்த சமரசம்தான் அந்த எண். எந்தப் பரிசோதனையும் தந்த எண் இல்லை. வேகமாக ஏறினால் உடம்புக்குள் உண்டாகிற நைட்ரஜன் குமிழிகளைப் பற்றிய புரிதல் வளர வளர, 1993இல் அதே கடற்படை அதை 30 அடியாக, அதாவது 9 மீட்டராகக் குறைத்தது. என் பழைய கம்ப்யூட்டரும் அக்காவின் புது கம்ப்யூட்டரும் இரண்டு விதமாகக் கத்தும். மெதுவானது எதுவோ அதன்படி என்று முடிவு செய்தோம். இந்த மாதிரி விஷயங்களில் தோற்றுப்போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சைகைகளுக்கு வந்தோம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று பொருள், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு விரல் வளையம். இதெல்லாம் எல்லோருக்கும் பொது. இது எதற்கு இப்போது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

“நூறு பார் ஆச்சுன்னா எப்படிக் காட்டுவீங்க?”

மூடிய முஷ்டியைக் காட்டினேன். என் பழைய ஜோடியும் நானும் அப்படித்தான் வைத்திருந்தோம், பாதி சிலிண்டர் என்று பொருள்.

அக்கா சிரித்துவிட்டார். “எனக்கு அது காத்து கொறஞ்சிருச்சு, ஐம்பதுன்னு அர்த்தம். கீழ நீங்க அதைக் காட்டியிருந்தா நான் உங்களை இழுத்துக்கிட்டு மேல வந்திருப்பேன்.”

பயிற்சிகளில் பரவலாகச் சொல்லித்தருவதும் அக்கா சொன்னதைத்தான். பாதி சிலிண்டருக்கு ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொரு கையை நிறுத்துகிற டி அடையாளம். எங்கள் முஷ்டி ஒரு வீட்டு பாஷை. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், அதில் ஒருவன் இப்போது இங்கே இல்லை. இதைத் தண்ணீருக்கு மேலே, பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் வியர்த்தது. எதிர் நிலைமை இன்னும் மோசம்: அக்கா முஷ்டி காட்டி, சரி பாதி இருக்கிறதே என்று நான் தலையாட்டிக்கொண்டு போயிருந்தால்?

அதற்குப் பிறகு நானே கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் இருப்பீர்கள்? இடது. காது எப்படி? இடது காது மெதுவாகத்தான் திறக்கும், அவசரப்படுத்தாதீங்க. கண்ணில் படாமல் போனால்? ஒரு நிமிடம் சுற்றித் தேடுவது, இல்லையென்றால் மேலே ஏறிச் சந்திப்பது. டைவை யார் முடிக்கலாம்? யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி குகை டைவர்கள் உயிராகக் கடைப்பிடிப்பது. தலைக்கு மேலே பாறை இல்லாத நமக்கும் நன்றாகவே பொருந்தும். என் தரப்பில், பல வருடத்துக்குப் பிறகு முதல்முறை, காற்றை அதிகம் குடிப்பேன், முதல் சில நிமிடம் என்னை அடிக்கடி பாருங்கள் என்று சொன்னேன். இதை என் பழைய ஜோடியிடம் சொல்ல வாய் வந்திருக்காது.

பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தோம். கயிற்றைப் பிடித்து, ஒருவரையொருவர் பார்த்தபடி இறங்கினோம். நாலு மீட்டரில் அக்கா கையைக் கிடையாக ஆட்டி, காதைக் காட்டினார். ஒரு மீட்டர் மேலே ஏறினோம். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவது, தாடையை அசைப்பது, விழுங்குவது, மறுபடி ஊதுவது. இந்த மூக்குப்பிடி ஊதலுக்குப் பெயர் தந்த இத்தாலிய மருத்துவர் வல்சால்வா, காதைப் பற்றிய தன் நூலை 1704இல் வெளியிட்டவர். அவருக்கு டைவிங்கெல்லாம் தெரியாது, காதில் சீழை வெளியேற்ற இதைச் சொன்னார். மேலிருந்து பத்து மீட்டர் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது, அடுத்த இரட்டிப்புக்கு 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆகவே காது படுத்துவதெல்லாம் இந்த முதல் சில மீட்டரில்தான். முன்பெல்லாம் இந்த இடத்தை நாங்கள் கல்லைப்போட்டதுபோல் கடந்துவிடுவோம். இப்போது கயிற்றில் தொங்கிக்கொண்டு காத்திருந்த அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் என் மூச்சும் நிதானத்துக்கு வந்துவிட்டது. அக்காவின் காது எனக்கும் சேர்த்து வேலை செய்திருக்கிறது.

கீழே மணல், அங்கங்கே பாறை. என் பழைய ஜோடி தூரம் போகிற ஆள், ஒரு டைவில் முழுத் திட்டையும் சுற்றிவந்துவிட வேண்டும் அவனுக்கு. அக்கா ஒரே இடத்தில் நிற்கிறவர். மணலில் ஒரு விரல் நீள மீனைக் காட்டினார். அதன் பின்னால் ஒரு துளை. சற்று நேரத்தில் துளைக்குள்ளிருந்து ஓர் இறால் முன்கால்களால் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது, கொட்டிவிட்டு உள்ளே போனது, மறுபடி வந்தது. வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசைகளில் ஒன்று மீனின் மேல் பட்டுக்கொண்டே இருக்கிறது. இறாலுக்குப் பார்வை சரியில்லை, அது வீட்டைத் தோண்டும், கோபி என்கிற இந்த மீன் காவல் இருக்கும். நான் கொஞ்சம் கிட்டே போனேன். மீன் வாலை ஒரு வெட்டு வெட்டியது, இறால் உள்ளே. இன்னும் கிட்டே போனதும் மீனும் தலைகீழாக உள்ளே. ஜோடி டைவிங்குக்கு உவமை சொல்ல இதைவிடத் தோதான காட்சி கிடைக்காது என்று எந்த டைவருக்கும் தோன்றும். எனக்கென்னவோ ஒட்டவில்லை. அவர்களுக்கு ஒரு வால் வெட்டு போதும், எங்களுக்கு அரைமணி நேரப் பேச்சு வேண்டியிருந்தது.

நடுவில் ஒருமுறை டிங் டிங் என்று சத்தம். அக்கா சிலிண்டரில் தட்டுகிறார். எங்கிருந்து என்று தெரியவில்லை. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைப்போல நாலு மடங்கு வேகத்தில் வருவதால் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுகிறது, திசை பிடிபடாது. இடது என்று பேசி வைத்திருந்ததால் முதலில் இடது பக்கம் திரும்பினேன். இல்லை. வலது பக்கம், கொஞ்சம் மேலே இருந்தார். இடம் மாறியது நான்தானா அவரா என்று அங்கே தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. கேஜைக் காட்டச் சொன்னார்.

அவர் 140இல் இருந்தார், நான் 110. என் காற்று இப்படிக் கரைந்து நான் பார்த்ததே இல்லை. பழைய நாட்களில் எப்போதும் அவன்தான் முதலில் காலி செய்வான், நான் மிச்சத்தோடு மேலே வந்து கேலி செய்வேன். இப்போது டி அடையாளம் காட்ட வேண்டிய ஆள் நான். கை எழும்ப ஒரு நொடி தயங்கியது உண்மை. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிப்போம், மூச்சைச் சிக்கனம் செய்வோம் என்று மூளை பேரம் பேசுகிறது. மூச்சைச் சிக்கனம் செய்யப் பார்த்தால் கரியமில வாயு சேர்ந்து தலைவலிதான் வரும், மூச்சுவாங்கல் இன்னும் கூடும். நூறு வந்ததும் டி காட்டினேன். அக்கா விரல் வளையம் காட்டினார், உடனே திரும்பினார். அந்த இறால் துளையை ஒருமுறை திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. வந்த வழியே கயிற்றுக்கு நீந்தினோம். எனக்கு எழுபது வந்தபோது கயிறு கையில் இருந்தது.

ஏறும்போது அக்கா தன் கம்ப்யூட்டரை என் கண்ணெதிரே பிடித்துக்கொண்டார். நம்முடைய சின்னக் குமிழிகளை முந்திக்கொண்டு போகாதே என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். ஒன்பது மீட்டர் வேகம் அதைவிடவும் சோம்பலாக இருந்தது. 5 மீட்டரில் மூன்று நிமிடம். அங்கே எனக்கு ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று தேவைப்பட்டது. சிலிண்டர் இவ்வளவு காலியான பிறகும் அங்கே காற்று ஊத வேண்டியிருக்கிறது என்றால் இடுப்பில் ஈயம் அதிகம்.

படகில் ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு, நன்றாக இருந்தது என்று சொல்லி முடிக்கலாம் என்று பார்த்தேன். அக்கா சிலேட்டை எடுத்துவிட்டார்.

“ஒண்ணு, இடம் மாறினது யாரு?”

நீங்கள்தான் என்றேன். இல்லை, நீங்கதான் என்றார் அவர். கடைசியில், அந்த மீனைச் சுற்றி நான் கிட்டே போனபோது இருவருமே நகர்ந்திருக்கிறோம் என்று ஆயிற்று. இனிமேல் நின்று பார்க்கிற இடத்தை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை இடத்தைச் சரிசெய்துகொள்வது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் அவரேதான் கேஜ் கேட்டிருக்கிறார், நான் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. அது சரிதான். மூன்றாவதாக, உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றார். இருந்தது. காது திறக்காதபோது கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மூக்கைப் பிடிக்கிறீர்கள், மெல்ல மேலே மிதந்துபோகிறீர்கள், ஒரு கை கயிற்றில் இருக்கட்டும் என்றேன். “அட, ஆமாவா?” என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது டைவ் 12 மீட்டர்தான். மேலே ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்குவது, மறுநாள் மாலை வரை விமானம் ஏறுவதில்லை. ஒன்றுக்கு மேல் டைவ் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் என்பது பொதுவான பரிந்துரை. புதுச் சிலிண்டரை மாட்டினேன், பெல்ட்டிலிருந்து ஒரு கிலோவைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். 12 மீட்டருக்கு அந்தக் கணக்கு என்ன வரும் என்று கேட்டேன். சிலேட்டை என் பக்கம் நீட்டி, “நீங்க போடுங்க” என்றார்.